கீழே சுறா, மேலே பாஸ்

கேம் ஆடுகிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தண்ணிக்கு அடியில் போகிற லெவல் என்றாலே முகத்தைச் சுளிப்பார்கள். 1991ல் வந்த சோனிக்கில் மூச்சு முடியப் போகும்போது ஒரு மியூசிக் வேகமெடுக்குமே... இன்னிக்குக் கேட்டாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும். அதைவிட மோசம் 1998ல் வந்த 'ஒக்கரினா ஆஃப் டைம்' கேமில் உள்ள தண்ணிக் கோயில். ஜெல்டா வரிசையிலேயே அதிகம் திட்டு வாங்கின இடம் அதுதான். ஹீரோ லிங்க் ஒரு ஜோடி இரும்பு பூட்ஸ் வைத்திருப்பான். மாட்டினால் கல்லு மாதிரி அடிக்குப் போவான், கழற்றினால் மேலே மிதந்து வருவான். மாட்டு, கழற்று, மாட்டு, கழற்று. ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தை நிறுத்தி மெனுவுக்குள் போய் வரணும். மனுசனுக்கு வெறுத்துப் போயிடும்.

தூத்துக்குடிக்காரன் கண்ணுக்கு அந்த பூட்ஸ் வேறு மாதிரி தெரியும் மக்கா. காலுக்குக் கனம் கொடுத்து கடலுக்கு அடியில் போவது எங்க கரையின் பழைய தொழில். பூட்ஸுக்குப் பதில் கல். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கல்லோடு கீழே போனவனுக்கு எதிரே நின்ற 'பாஸ்' யாரு என்று கொஞ்ச நாளாகவே மண்டைக்குள் குடைந்துகொண்டிருக்கிறது. அதான் இந்தப் பதிவு.

கேம் பக்கமே போகாத அண்ணாச்சிகளுக்காக முதலில் இரண்டு சொல். டஞ்சன் என்றால் குகை, பாதாளம், பாழடைந்த கோயில், இப்படி ஏதோ ஒன்று. உள்ளே நுழைந்து, பூட்டின கதவுகளுக்குச் சாவி தேடி, வழி மறந்து, சின்னச் சின்ன எதிரிகளை அடித்து, கடைசி அறைக்குப் போக வேண்டும். அந்தக் கடைசி அறையில் உட்கார்ந்திருப்பவர்தான் பாஸ். அவரை முடித்தால் புதையல் உங்களுக்கு.

இந்த அமைப்பு திடீரென்று முளைத்ததில்லை. 1974ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லை. மேசை, பேப்பர், பென்சில், பகடை, வாய்ப்பேச்சு. அடுத்த வருஷமே இல்லினாயில் பிளேட்டோ என்ற கம்ப்யூட்டர் வலையமைப்பில் மாணவர்கள் அதைத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1975ல் அவர்கள் எழுதின ஆட்டத்துக்குப் பெயரே 'டிஎன்டி'. அதில் பாதாளத்தின் அடியில் ஒரு மந்திர உருண்டை, அதற்குக் காவலாக ஒரு தங்க டிராகன். வீடியோ கேம் உலகின் முதல் பாஸ் என்று பலரும் சொல்வது இந்த டிராகனைத்தான்.

எனக்குப் பிடித்த கதை அதற்கடுத்தது. வில் குரோதர் என்று ஒரு புரோகிராமர். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் வேலை பார்த்தவர். அவருக்கும் மனைவி பாட்ரிசியாவுக்கும் குகை ஏறி இறங்குவதுதான் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்றால் சும்மா இல்லை. கென்டக்கியில் மாமத் குகையும் ஃபிளிண்ட் ரிட்ஜ் குகைகளும் உள்ளுக்குள் ஒன்றாகச் சேர்கின்றன என்று 1972ல் கண்டுபிடித்த பயணங்களில் பாட்ரிசியா பங்கெடுத்தவர். அப்புறம் இருவரும் பிரிந்துவிட்டார்கள். தன் பெண் குழந்தைகள் விளையாட என்று குரோதர் அந்தக் குகையையே வார்த்தைகளால் கட்டினார். படம் கிடையாது, எழுத்து மட்டும். 1976ல் அது கை மாறிக் கை மாறிப் பரவி, 1977ல் டான் வுட்ஸ் கையில் வளர்ந்து 'அட்வென்சர்' என்று உலகப் புகழ் பெற்றது. அட்வென்சர் கேம் என்று ஒரு ஜாதிக்கே பெயர் வந்தது அதிலிருந்துதான். அதில் உங்கள் கையில் இருக்கும் விளக்குக்கு பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அணைந்தால் இருட்டில் குழியில் விழுந்து சாக வேண்டியதுதான். குகைக்காரனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

1986ல் முதல் ஜெல்டாவைச் செய்த மியாமோட்டோவும் இதே கதைதான். கியோட்டோ பக்கத்துக் கிராமத்தில் சின்ன வயதில் விளக்கை எடுத்துக்கொண்டு ஒரு குகைக்குள் நுழைந்து பார்த்த அனுபவம்தான் அந்த கேமுக்கு வித்து என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நம்ம தலைமுறைக்கு டஞ்சன் என்றால் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' தானே! 1989ல் ஜோர்டான் மெக்னர் செய்தது. கம்ப்யூட்டர் சென்டரில் சார் அந்தப் பக்கம் போனதும் ஃபிளாப்பியை நுழைத்து, அறுபது நிமிஷத்துக்குள் பாதாளச் சிறையிலிருந்து மேலே ஏறி ஜாஃபரைக் கொல்லணும். ஜாஃபரைப் பார்த்தவர்கள் எங்கள் செட்டில் ரெண்டே பேர். மற்றவர்கள் எல்லாம் ஈட்டிக் குழியிலேயே காலமானவர்கள் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். இந்தச் சொற்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. டஞ்சன் என்பது பழைய பிரெஞ்சில் கோட்டை நடுவே நிற்கும் பெரிய கோபுரம். ஆமாங்க, பாதாளம் இல்லை, கோபுரம்! பிரபு குடியிருக்கும் இடம். அதற்கு அடியில் ஆளைப் போட்டு அடைத்ததால் சொல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிட்டது. பாஸ் என்பது டச்சுச் சொல். 'பாஸ்' என்றால் எஜமான். டச்சுக்காரர்கள் போய்க் குடியேறிய அமெரிக்காவில் அது ஆங்கிலத்துக்குள் புகுந்தது. அதே டச்சுக்காரர்கள் 1658ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்து, நடுநடுவே இங்கிலீஷ்காரனிடம் இழந்து, கடைசியாக 1825ல்தான் விட்டுவிட்டுப் போனார்கள். ஆக, பாஸ் என்ற சொல் உருவான வீட்டுக்காரர்களே நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் எங்க ஊரில் பாஸாக இருந்திருக்கிறார்கள். இதை நினைச்சுக்கிட்டே மேலே படிங்க.

எங்க டஞ்சனின் மேப் இப்படி. மன்னார் வளைகுடாவில் கடலடி முழுக்க மணலோ சேறோ கிடையாது. இடையிடையே பாறைத் திட்டுகள் உண்டு. அதற்குப் 'பார்' என்று பெயர். முத்துச்சிப்பி அந்தப் பாரில்தான் ஒட்டி வளரும். ஒவ்வொரு பாருக்கும் தனித்தனிப் பெயர். தூத்துக்குடிக்கு நேரே வெளியில் இருப்பதில் பேர்போனது தொலையிரம் பார். ஆழத்தைப் பாகக் கணக்கில்தான் சொல்வார்கள். பெரும்பாலும் ஐந்து பாகத்திலிருந்து பத்துப் பாகம். அதாவது முப்பது அடியிலிருந்து அறுபது அடி. மூன்று மாடி, ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இருந்து அடிக்கு.

முத்துக்குளிக்கும் பருவத்துக்கு 'சலாபம்' என்று பெயர். இலங்கையில் சிலாபம் என்று ஊரே இருக்கிறதே, அதே சொல்தான். தோணியில் கல் இத்தனை என்று கணக்கு. பத்துக் குளியாளிக்கு ஐந்து கல் என்பது வழக்கமான ஏற்பாடு. ஐந்து பேர் கீழே, ஐந்து பேர் மேலே. பழைய மரியோவில் அண்ணன் செத்தால் தம்பி ஆடுவானே, அந்த மாதிரி மாறி மாறி. இங்கே சாகாமலேயே மாறிக்கொள்ள வேண்டும் என்பதுதான் விஷயம்.

கல் சுமார் பதினைந்திலிருந்து இருபது கிலோ. கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, கயிறு பிடிக்கிற ஆள் விட்டவுடன் நேராக அடிக்கு. தரையைத் தொட்டதும் காலை எடுத்துவிடுவான், கல் மேலே போய்விடும், அடுத்த இறக்கத்துக்கு. கழுத்தில் அல்லது இடுப்பில் தொங்கும் வலைப்பையில் கைக்குக் கிடைத்த சிப்பியையெல்லாம் வாரிப் போடணும். முகமூடி கிடையாது, கண் திறந்தபடிதான். ஒரு நிமிஷம், கொஞ்சம் கூடுதல். அதற்குள் கயிற்றை வெட்டி இழுத்துச் சைகை கொடுத்தால் மேலே இருப்பவன் இழுத்துவிடுவான். கயிறு பிடிக்கிறவன் யார் என்பதில்தான் உயிர். மச்சானைக் கயிறு பிடிக்க வைப்பார்கள், தங்கச்சி தாலிக்காகவாவது ஒழுங்காக இழுப்பான் என்று எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஒரு நாளைக்கு இதே மாதிரி நாற்பது, ஐம்பது தடவை.

இந்த ஆட்டத்தை ஆட முதலில் இறக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' கொற்கையைச் சொல்கிறது. பாண்டியர் நாட்டைச் சேர்ந்தது, அங்கே முத்துக்குளிப்பு நடக்கிறது, அதைச் செய்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள். இதைப் படித்தபோது எனக்கு டஞ்சன் என்ற சொல்லின் இரண்டு அர்த்தமும் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தது. கடலே சிறை. மேலே கோபுரத்தில் பாண்டியன். (கொற்கை இன்னிக்கு வயல்காடு. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அப்புறம் துறைமுகம் காயலுக்கு நகர்ந்து, அதுவும் தூர்ந்து, தூத்துக்குடிக்கு வந்தது தனிக்கதை.)

இப்போ சுறா.

கேமில் என்றால் இந்த இடத்தில் மியூசிக் மாறும். திரைக்கு மேலே ஒரு நீளச் சிவப்புக் கோடு வரும், பக்கத்தில் சுறாவின் பெயர். எங்க கடலில் இதற்கு வேறு ஏற்பாடு. சுறாவை அடிப்பதில்லை, கட்டுவது. கத்தி, ஈட்டி எதுவும் வேண்டாம், மந்திரம் போதும். பாம்பின் வாயைக் கட்டுகிற மாதிரி சுறாவின் வாயைக் கட்டுவார்கள். செய்பவருக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். அவர் கரையிலோ தோணியிலோ இருந்து மந்திரம் போட்டால்தான் குளியாளி கல்லில் காலை வைப்பான். அவர் வரவில்லை என்றால் இறங்க மாட்டான், அரசாங்கமே வந்து சொன்னாலும்.

பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதை எழுதி வைத்திருக்கிறார். வியாபாரிகள் ராஜாவுக்குப் பத்தில் ஒன்று கொடுக்கணும். மீனைக் கட்டுகிற மந்திரக்காரர்களுக்கு இருபதில் ஒன்று. இதில் இருக்கிற ஒரு சின்ன விஷயம்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தானாம். சாயங்காலம் ஆனதும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம், ராத்திரி மீன் இஷ்டப்படி திரியட்டும் என்று. எதற்கு? திருட்டுத்தனமாக எவனும் ராத்திரியில் இறங்கிச் சிப்பி எடுத்துவிடக் கூடாதே, அதற்கு!

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். பாஸை டஞ்சனுக்குள் வைத்தவன் யார்? கடலில் சுறா எப்போதும் இருக்கிறது. ஆனால் எந்த நேரம் அது ஆபத்து, எந்த நேரம் ஆபத்தில்லை என்று தீர்மானிக்கிற சுவிட்ச் கரையில் இருக்கிறது. காசு கட்டினவனுக்குப் பகலில் சுறாவின் வாய் மூடும். காசு கட்டாதவனுக்கு ராத்திரியில் திறக்கும். காப்பி அடித்த சிடி போட்டால் பாதியில் நின்றுபோகிற மாதிரி கேம் கம்பெனிகள் பூட்டு போட்டார்களே, அதற்கெல்லாம் இது எழுநூறு வருஷம் மூத்தது.

சுறா நிஜமாகவே எத்தனை பேரைக் கொன்றது? 1859ல் இலங்கையைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதின எமர்சன் டென்னன்ட், முத்துப் பார்களுக்கு நேரில் போய்ப் பார்த்தவர். இலங்கை பிரிட்டிஷ்காரர் கைக்கு வந்ததிலிருந்து நடந்த குளிப்புகளில் உறுதியாகத் தெரிந்த சுறா விபத்து ஒன்றே ஒன்றுதான் என்கிறார் மனிதர். நூற்றுக்கணக்கான தோணி, ஆயிரக்கணக்கான ஆள், கூச்சல், கல் விழுகிற சத்தம். இந்த அமளியில் சுறா தானே ஒதுங்கிப் போயிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. கடல்கட்டியைப் பற்றி அவர் சொல்லும் விஷயம் இன்னும் சுவாரசியம். பரம்பரை உத்தியோகம் அது. அப்போது இருந்த தலைமைக் கடல்கட்டி கத்தோலிக்கர். டென்னன்ட் போன அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை, ஒரு பதிலாளை அனுப்பியிருந்தார். வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? எனக்கு மந்திரமெல்லாம் தெரியாதுங்க, ஆனால் அவருடைய ஆளாக நான் வந்து நிற்கிறேன் என்பதற்கே சுறா மரியாதை கொடுக்கும் என்றாராம். சிரிக்காதீங்க. நம்ம ஊர் ஆபீசில் 'சார் அனுப்பினார்' என்றால் கதவு திறக்கிறதா இல்லையா?

ஆக, கீழே இருந்த பாஸ் பாதி நேரம் டம்மி. பயம் நிஜம், பாஸ் டம்மி. மேலே இருந்தவர்கள் அப்படி இல்லை.

1530களில் பரதவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு மாறினார்கள் என்று நமக்குத் தெரியும். சவேரியார் 1542ல் வருவதற்கு முன்பே அது நடந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் இந்தப் பார்களின் மேல் யாருக்கு உரிமை என்ற சண்டைதான். போட்டியாளர்களின் அழுத்தம் தாங்காமல் பரதவர் பிரதிநிதிகள் கொச்சிக்குப் போய் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். பாதுகாப்பு கிடைத்தது. கூடவே புது எஜமானும் கிடைத்தார். அந்தக் காலத்து வரிக் கணக்கு எல்லாம் கல்லை வைத்துத்தான். குளியாளிக்குக் கணக்கு இல்லை, அவன் காலில் இருக்கிற கல்லுக்குத்தான் கணக்கு! மதுரை நாயக்கருக்கு இத்தனை கல் இலவசம், ராமநாதபுரம் சேதுபதிக்கு இத்தனை கல் இலவசம், பட்டங்கட்டிகளுக்கு இத்தனை. இலவசம் என்றால் அந்தக் கல்லுக்கு வரி இல்லை, அதில் வருவது அவர்களுக்கு. டச்சுக்காரன் வந்தபோதும் இந்தப் பட்டியல் தொடர்ந்தது, மேலே அவன் பங்கும் சேர்ந்துகொண்டது. நாயக்கர், சேதுபதி எல்லாம் வாழ்நாளில் ஒரு முறையாவது மூக்கைப் பொத்தித் தண்ணிக்குள் முங்கியிருப்பார்களா என்று கேட்காதீங்க.

பிரிட்டிஷ் காலத்தில் கணக்கு இன்னும் எளிமை. குளியாளிக்கு மூன்றில் ஒன்று, சர்க்காருக்கு மூன்றில் இரண்டு. பிரிக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது, பிடித்தது என்றால் வயிறு எரிகிற மாதிரி பிடித்தது. இலங்கைப் பக்கம் இப்படி நடந்தது. கரையில் வேலி போட்ட பெரிய கொட்டகை, 'கொட்டு' என்பார்கள். தோணி வந்ததும் சிப்பியை அதற்குள் தூக்கிப் போகணும். குளியாளிகளே அதை மூன்று சமமான குவியலாகப் பிரிக்கணும். அப்புறம் அதிகாரி வந்து எந்த இரண்டு சர்க்காருக்கு என்று கை காட்டுவார். மிச்சமுள்ளது இவர்களுக்கு. பிரித்தவன் ஏமாற்ற முடியாது பாருங்க, ஒன்றைப் பெரிசாக்கினால் அதுதான் போகும். மூளைதான்! மிச்சமான அந்த ஒரு பங்கிலும் தோணிக்காரருக்கும் கயிறு பிடித்தவர்களுக்கும் பாகம் உண்டு. 1906ல் மரிச்சுக்கட்டியில் இந்தக் கொட்டு வேலையைப் பார்த்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்டு வூல்ஃப். பின்னாளில் வர்ஜீனியா வூல்ஃபைக் கல்யாணம் செய்தவர்.

சர்க்கார் தன் பங்கை என்ன செய்தது? திறந்து பார்க்கவில்லை. மூடின சிப்பியை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டது. உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது வாங்கினவன் தலையெழுத்து. பெரும்பாலான சிப்பியில் ஒன்றும் இருக்காது. இப்போதைய கேம்களில் காசு கொடுத்து மூடின பெட்டி வாங்கி உள்ளே என்ன வரும் என்று பார்க்கிறார்களே, லூட் பாக்ஸ், சூதாட்டம் என்று 2018ல் பெல்ஜியம் தடை பண்ணியதே, அதேதான். சர்க்காரே நடத்திய லூட் பாக்ஸ். அதிலும் ஒரு நேர்மை, சீசனுக்கு முன்னால் சில ஆயிரம் சிப்பியை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு தேறும் என்று அறிவித்துவிடுவார்கள்.

வாங்கினவர்கள் சிப்பியைக் குவித்து நாட்கணக்கில் அழுக விடுவார்கள். சதை கரைந்த பிறகு அலசி முத்தைப் பொறுக்கணும். அந்த நாற்றத்தையும் ஈயையும் பற்றி எழுதாத வெள்ளைக்காரனே கிடையாது. அப்புறம் சல்லடை. பத்துப் பித்தளைச் சல்லடை, 20 ஓட்டை உள்ளதில் ஆரம்பித்து 1000 ஓட்டை உள்ளது வரை. எந்தச் சல்லடையில் தங்குகிறதோ அது அளவு. அதற்கு மேல் உருண்டை, பளபளப்பு பார்த்துத் தரம். ஆணி முத்து என்றால் உச்சம், தூள் என்றால் பெயரே சொல்கிறது. நடுவே ஏகப்பட்ட படி. கேமில் பச்சை, நீலம், ஊதா, தங்கம் என்று பொருளுக்குக் கலர் வைத்துத் தரம் பிரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சல்லடைதான் ஞாபகம் வரும்.

இத்தனை பாஸும் சேர்ந்து தோற்றது ஒரே ஒரு விஷயத்திடம். லெவல் காலியாகிவிடுவது. பார் எப்போது நிறையும், எப்போது காலியாகும் என்று யாராலும் சொல்ல முடிந்ததில்லை. இன்றைக்குக் குஞ்சுச் சிப்பி கம்பளம் விரித்த மாதிரி கிடக்கும். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் வெறும் பாறை. நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மூடும். திருக்கை கூட்டமாக வந்து மேய்ந்துவிட்டுப் போகும். 1905ல் இலங்கைப் பக்கம் எட்டுக் கோடிச் சிப்பி வந்தது, மகா வேட்டை. அதைப் பார்த்து வாயில் எச்சில் ஊறி, 1906ல் லண்டனில் ஒரு கம்பெனி சேர்ந்து பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு கடலில் ஒன்றுமே இல்லை. சில வருஷத்தில் கம்பெனி மூடியே போச்சு. எந்த மந்திரவாதியும் கட்ட முடியாத பாஸ் இது.

தூத்துக்குடிப் பக்கமும் அதே மாதிரி விட்டு விட்டுத்தான். 1926, 27, 28 என்று மூன்று வருஷம் நடந்தது. அப்புறம் ஒரு தலைமுறைக்கே இடைவெளி. 1955ல் மறுபடி பார் நிறைந்து, 1961 வரை வருஷா வருஷம் குளித்தார்கள். அதுதான் கடைசி. அதற்கப்புறம் தூத்துக்குடியில் சலாபமே நடக்கவில்லை. 'முத்துநகர்' என்று ரயிலுக்குப் பெயர் இருக்கிறது. 1973ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சுவாமி, தூத்துக்குடி பக்கத்தில் சிப்பிக்குள் கரு வைத்து வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார். ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893லேயே பாதி முத்து எடுத்துத் தொடங்கிவைத்த வித்தை. கூண்டில் வளர்க்கும் சிப்பிக்குக் கல்லும் வேண்டாம், கடல்கட்டியும் வேண்டாம்.

2023ல் கொரியாவிலிருந்து 'டேவ் தி டைவர்' என்று ஒரு கேம் வந்தது. ஆடியிருப்பீங்க. (நம்ம பழைய 'டேஞ்சரஸ் டேவ்' பயலுக்கு இவர் சொந்தமில்லை!) குண்டா ஒரு மனிதர், பகலில் கடலில் குதித்து மீன் பிடிப்பார், ராத்திரி அதை சுஷி கடையில் பரிமாறுவார். ஆக்சிஜன்தான் உயிர். பை கனத்தால் நீச்சல் மெதுவாகும். பெரிய கணவாய், பெரிய சுறா எல்லாம் பாஸாக வரும். நான் ஆடினதிலேயே எங்க கரைக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற கேம் இதுதான். அதில் மூச்சு தீர்ந்து நீங்கள் மயங்கிவிட்டால் பிடித்ததெல்லாம் போய்விடும், ஒரே ஒரு பொருளை மட்டும் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளலாம். பெரிய தண்டனை மாதிரி காட்டுவார்கள். எங்க ஊரில் பிழைத்து, நீந்தி, கரை சேர்ந்தவனுக்கே மூன்றில் ஒன்றுதான். அதுவும் எந்த ஒன்று என்று அவன் சொல்ல முடியாது.

முத்து நின்றாலும் முங்குகிறது நிற்கவில்லை. சங்கு இருக்கே. திரேஸ்புரம் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. கல் போய்விட்டது. தோணியில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து நீளமான குழாய், அதன் முனை வாயில். காற்று தீராது, மணிக்கணக்கில் அடியில் இருக்கலாம். காற்று தீராததே இப்போது பிரச்சினை. ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்தால் உடம்பில் நைட்ரஜன் கரைந்து சேர்ந்துவிடும். வேகமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது குமிழாகிவிடும். மூட்டு வலியில் ஆரம்பித்து கால் விழுந்துபோவது வரை, சில சமயம் உயிரே போவது வரை உண்டு. ஒரு நிமிஷ மூச்சோடு கல்லில் போய் வந்த தாத்தாவுக்கு அநேகமாக இல்லாத ஆபத்து பேரனுக்கு வந்திருக்கிறது.

தண்ணிக் கோயிலில் மோர்ஃபாவை முடித்ததும் தரையில் ஒரு நீல வெளிச்ச வட்டம் வரும். அதில் போய் நின்றால் போதும், லிங்க் அப்படியே தூக்கி வெளியே கரையில் வைக்கப்பட்டுவிடுவான். பூட்ஸைக்கூடக் கழற்ற வேண்டாம். திரேஸ்புரத்து ஆள் குழாயைக் கடித்துக்கொண்டு, கொஞ்ச தூரம் ஏறி, நின்று, கொஞ்ச தூரம் ஏறி, நின்று, அவனேதான் வரணும். மேலே கம்ப்ரசர் பக்கத்தில் ஒருத்தன் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.